மத்தியானக் கஞ்சி

சவரியம்மாளைக் கல்லறையில் இறக்கிவிட்டு வந்த மறுநாளே தங்கை விண்ணரசி நடவுக்குப் போக வேண்டியதாயிற்று. கன்னம் அழுகி, கடைசியில் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காமல் வந்த சாவு அக்காவுடையது. அவளுக்கு வைத்தியம் பார்த்த மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா விண்ணரசியின் வாயையும் திறந்து பார்த்திருந்தார். இடது கடைவாயில் வெள்ளையாய் ஒரு தடிப்பு.

"உனக்கும் ஆரம்பிச்சிருக்கும்மா. புகையிலையை இன்னியோட விட்டுடு. விட்டா ஆறிப்போக வழியிருக்கு. கீரை, பழம்னு வயித்துக்கு நல்லா சாப்பிடு."

விண்ணரசி தலையாட்டினாள். வயிற்றுக்கு நல்லாச் சாப்பிட்டிருந்தால் புகையிலை எதற்கு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. விடியலில் குடித்த நீராகாரத்தோடு பொழுது சாயும்வரை சேற்றில் குனிந்து நிற்கவேண்டும். உச்சிவேளையில் பண்ணைக் காரியக்காரர் நாகநாதன் வரப்போடு வந்து ஆளுக்கொரு துண்டு புகையிலை கொடுப்பார். கடைவாயில் அடக்கிக்கொண்டால் பசி மரத்துவிடும். ஒருத்தியும் சாப்பிடக் கரையேற நேரம் கேட்கமாட்டாள்.

விண்ணரசி விட்டுவிட்டாள். தலை சுற்றியது. புளியங்கொழுந்தை மென்று சமாளித்தாள். தடிப்பு மெலிந்துவருவது போலிருந்தது.

மாநிலத்தில் ஆட்சி மாறி இரண்டாம் வருஷம். ஊருக்கு ஊர் கூலிப் போராட்டம். அவள் புருஷன் ஜேசுராஜ் சங்கத்துக்காரன். மாதாகோயில் பின்னால் கூட்டம் நடந்தபோது விண்ணரசி எழுந்து நின்றாள்.

"கூலி கேக்குறப்ப இதையும் சேத்துக் கேளுங்க. எங்களுக்குப் புகையிலை வேணாம். மத்தியானம் கஞ்சி குடுக்கட்டும், அதக் குடிக்க நேரம் குடுக்கட்டும்."

ஆண்கள் சிலர் சிரித்தார்கள். அவளோடு நடவு நடும் காளியம்மாள் சீறினாள். "சிரிக்காதீங்க. சவரியக்கா கிட்டப் போயி ஒரு வாய் தண்ணி ஊத்த முடியல எங்களால. அப்படி ஒரு நாத்தம். நாளைக்கி உங்க பொண்டாட்டிக்கும் அதான்."

சிரிப்பு நின்றது. கஞ்சியும் கோரிக்கையில் சேர்ந்தது.

பண்ணை இறங்கிவரவில்லை. தெருச் சனம் வேலையை நிறுத்தியது. லாரியில் வெளியூர் ஆட்கள் வந்தார்கள். காவலுக்குப் போலீசும் வந்தது. வயலை மறித்த ஆண்களோடு ஜேசுராஜும் ஜெயிலுக்குப் போனான். பசிக்குப் பிடித்துத் தின்ற நத்தையும் காட்டுக்கீரையும்கூடத் தீர்ந்தன. காளியம்மாளின் கைக்குழந்தை பால் இல்லாத மார்பைக் கடித்து அழுதது. அதற்குமேல் பெண்களால் தாங்க முடியவில்லை. வேலையை நிறுத்திவிட்டு ஏறிவந்த அதே வரப்பில் போய் வரிசையாய் நின்றார்கள்.

"பழைய கூலிதான்," என்றார் நாகநாதன். "கஞ்சி கிஞ்சின்னு எவளும் வாயத் தெறக்கக் கூடாது."

உச்சிவேளைக்குப் புகையிலை வந்தது. எல்லாரும் கை நீட்டினார்கள். விண்ணரசி மட்டும் நாற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியே சில நாள் ஓட்டினாள். ஒருநாள் கண் இருட்டிச் சேற்றில் முகங்குப்புற விழுந்தாள். காளியம்மாள்தான் தூக்கி நிறுத்தினாள்.

"நிக்க முடியலன்னா வீட்டுக்குப் போ. வேற ஆளு இருக்கு," என்றார் நாகநாதன்.

வீட்டில் அடுப்பு எரியவில்லை. விண்ணரசி சேறு படிந்த கையை நீட்டினாள். வாயில் அடக்கியபோது அக்காவின் கன்னம் கண்முன் வந்தது. சற்றைக்கெல்லாம் பசி அடங்கியது. குனிந்து நாற்றை நடத் தொடங்கினாள்.

அறுப்பு முடிவதற்குள் தடிப்பு கட்டியாகிப் புண்ணாய் உடைந்தது. ஜெயிலிலிருந்து வந்த ஜேசுராஜ் அவளைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். தாடை எலும்புவரை பரவிவிட்டது, வலிக்கு மருந்து தருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்தவன் நேரே நாகநாதனிடம் போய்ச் சண்டை பிடித்தான்.

"நானா அவ வாயில திணிச்சேன்? கைய நீட்டுனா, குடுத்தேன்."

ஜேசுராஜ் திரும்பி நடந்தான். வீட்டுக்கு வந்து நடுவாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

பேச்சு நின்றுபோயிருந்த விண்ணரசி, ஒருநாள் பார்க்க வந்த பெண்களிடம் துணியை விலக்கித் தன் கன்னத்தைக் காட்டினாள். காளியம்மாள் அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே சத்தியமா தொடமாட்டேன் விண்ணு."

மறுநாள் பொழுது சாய மோர் கொண்டுவந்தாள் காளியம்மாள். கிட்டே வராமல், செம்பை நிலைப்படியோரம் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். புகையிலை அடக்கிய அவள் கன்னம் ஒருபக்கம் உப்பியிருந்தது. விண்ணரசிக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் வா என்று கை காட்டினாள்.