மூன்று முறை கேட்க வேண்டும்

பயிற்சி கொடுக்கும் அம்மாள் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எங்கள் வீட்டை வரையச் சொன்னார். இந்த வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்காதவருக்குக் கடையில் துப்பாக்கி விற்க மாட்டார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள வாங்குகிறவர் என்றால், கூட இருக்கும் பெரியவர்களும் வந்து உட்கார வேண்டும். அதனால்தான் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல்களில் வெயிலுக்காக நீலத்தாள் ஒட்டியிருந்தார்கள். மனிதர்கள், மேஜைகள், சுவரில் மாட்டியிருந்த விதிகள் எல்லாம் குளத்துத் தண்ணீருக்குள் கிடப்பது போலிருந்தன. அந்த அம்மாள் முன்பு பல் வைத்தியரிடம் வேலை பார்த்தவராம். துப்பாக்கியைப் பற்றிச் சொல்லும்போதும் "ஒண்ணும் இல்ல, கொஞ்சம் வாயைத் திறங்க" என்கிற குரல்தான். காலையில் எல்லோருக்கும் பொதுவாகப் பாடம் நடந்தது. மதியம் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் பூட்டுக்காரர். கடைத்தெருவில் சாவி வெட்டும் மெஷின் வைத்திருக்கிறார். சட்டையை உதறினால் பித்தளைத்தூள் கொட்டும். துப்பாக்கியை ஒரு பெட்டியிலும் தோட்டாவை வேறு பெட்டியிலும் பூட்டி வைக்க வேண்டும் என்று காலையில் பெட்டிகளைக் காட்டியபோது, "இந்தப் பூட்டை நான் ஹேர்பின்னால திறப்பேன்" என்று எழுந்து நின்றுவிட்டார். வகுப்பே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏனென்றால் ஒன்றரை மாதமாக அவர் வீட்டுக்குத்தான் திருடன் வந்துபோகிறான்.

பின்கதவுக்கு மூன்று பூட்டு. எல்லாம் அவர் கையால் போட்டவை. வாரத்துக்கு ஒரு நாளாவது, காலையில் எழுந்து பார்த்தால் மூன்றும் திறந்து கிடக்கும். ஒரு கீறல் இருக்காது. எதுவும் காணாமல் போகவில்லை என்பதுதான் அவரால் தாங்க முடியாத அவமானம். ஒருநாள் கொடியில் கிடந்த துணிகளை மடித்து நாற்காலியில் அடுக்கி வைத்திருந்தான். இன்னொரு நாள் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தான். "என்னைக் கேலி பண்றான்மா" என்றார். லென்ஸ் வைத்துப் பூட்டின் வாயை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவன் கை சாதாரணக் கை இல்ல" என்றும் சொன்னார். அதில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. பூட்டுக்காரர் வீட்டிலேயா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். ஊர்வாயை மூட எந்தப் பூட்டு இருக்கிறது? முன்னறையில் இரும்புக்கம்பியோடு காவல் இருந்து பார்த்தார். அவர் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து அவன் வந்தான். போன வாரம் அரைத்தூக்கத்தில் ஒரு உருவம் கடந்துபோனதைக் கண்டிருக்கிறார். கால் எழவில்லையாம். "கம்பி கையில இருக்கு, தூக்க முடியல" என்று மறுநாள் காலையில் என்னிடம் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்றைக்கே துப்பாக்கி என்று முடிவெடுத்தார்.

நான் வரைந்தேன். முன்னறை, சமையலறை, படுக்கையறை, நடுவில் நடை. "இப்ப சிவப்புப் பென்சிலை எடுங்க. திருடன் எப்படி நடந்திருப்பான்னு கோடு போடுங்க" என்றார் அந்த அம்மாள். நான் பின்கதவில் பென்சிலை வைக்கத்தான் போனேன். ஆனால் அது படுக்கையில் என் பக்கம் போய் நின்றது. அங்கிருந்து தானாகக் கிளம்பி, அலமாரியின் முனையில் இடிக்காமல் வளைந்து, நடையில் போய், பின்கதவைத் தாண்டி, கொடிக்குப் போயிற்று. நான் போட்ட கோடு வீட்டுக்குள் வரவில்லை, வெளியே போனது. பாதத்தில் ஈர மண் ஒட்டுவதை, அந்தச் சிமெண்டுத் தரையில் செருப்போடு உட்கார்ந்தபடி, நன்றாக உணர்ந்தேன்.

சின்ன வயதில் நான் தூக்கத்தில் நடப்பேன். அம்மா தன் புடவைத் தலைப்பை என் கணுக்காலில் கட்டிக்கொண்டு படுப்பாள். பெரியவளானதும் அது நின்றுபோனது. கல்யாணத்துக்கு முன்னால், "அதெல்லாம் போயே போச்சு. அங்க போய் உளறி வைக்காத, எவன்டி குடும்பம் நடத்துவான்?" என்றாள். கல்யாணமாகி எட்டு வருஷமாக அவரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பிறகு நானே மறந்துவிட்டேன். சாவிக்கொத்து என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. வீட்டிலேயே பத்திரமான இடம் என்று அவர்தான் அங்கே வைக்கச் சொன்னார். பூட்டுக்காரர் பூட்டைத்தான் பார்த்தார், சாவியைப் பற்றி ஒரு நாளும் நினைக்கவில்லை.

பயந்துவிட்டேன். சொல்லாவிட்டால் துப்பாக்கி வரும். நான் நடப்பேன், அவர் சுடுவார். சொன்னால், என்னைப் பூட்டி வைக்க அவருக்குப் பத்து நிமிஷம் போதும். அதுவும் நல்ல பூட்டாகத்தான் இருக்கும். தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் என் வீட்டுக்காரர் வரைந்ததை வாங்கிப் பார்த்து, சக்கரம் வைத்த கம்பிகளில் தொங்கிய சாம்பல்நிறத் திரைகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீடு துணியில் எழுந்து நின்றது. நடை இருந்தது, அலமாரி இருக்கும் மூலை இருந்தது. உள்ளே மங்கலாக இருந்தது. மின்விசிறிக் காற்றில் சுவர்கள் மெல்ல மூச்சு விட்டன. என் வீட்டுக்காரர் கையில் மஞ்சள் பிளாஸ்டிக் துப்பாக்கியைக் கொடுத்தார்.

"மூணு தடவை 'யாரு'ன்னு சத்தமா கேக்கணும் சார். யாருன்னு தெரியுற வரைக்கும் விரல் ட்ரிகருக்கு வெளியிலயே இருக்கணும்."

"பதிலே வரலைன்னா?"

"வரலைன்னா யாருன்னு தெரியலைன்னு அர்த்தம். அவ்வளவுதான்." என் பக்கம் திரும்பி, "நீங்க பின்கதவுப் பக்கமா வாங்க. அவர் கேட்டதும் 'நான்தான்'னு சொல்லிடுங்க" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆனால் பின்கதவுக்குப் போகவில்லை. திரைக்குப் பின்னால் சுற்றிப் போய்ப் படுக்கையறை இருக்கும் இடத்தில் நின்று, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டேன். வழியை யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. என் கால்களுக்கு வீடு தெரிந்திருந்தது. எங்கேயோ ஒரு கொடியில் துணிகள் காய்ந்து காத்திருக்கின்றன, அவற்றை எடுத்து மடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! இத்தனை நாள் அந்த நிம்மதிக்காகத்தான் எழுந்து போயிருக்கிறேன் போல.

"யாரு?" என்றார். நல்ல குரல்தான், கடையில் வாடிக்கையாளரைக் கேட்கிற குரல்.

நான் நடந்தேன்.

"யாரு?" இந்த முறை குரல் உடைந்திருந்தது. நாக்கின் நுனியில் பதில் இருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தி அடித்துக்கொண்டாள். ஆனால் உண்மையிலேயே வீட்டில் தூக்கத்தில் நடப்பவள் சொல்ல மாட்டாளே. அவளுக்குக் காது கேட்காது. அடுத்த அடி வைத்தேன்.

"யாருடா அது!"

க்ளிக் என்றது. பேனா மூடியைப் போடும் சத்தம், அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தேன். நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் வாய் என் நெஞ்சைப் பார்த்து நீண்டிருந்தது.

"நான்தாங்க" என்றேன். "இந்த ஒன்றரை மாசமும் நான்தான். அப்ப நீங்க எத்தனை தடவை கேட்டாலும் சொல்ல மாட்டேன். தூங்கிட்டு இருப்பேன்."

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், வெறும் பாதங்களைப் பார்த்தார். துப்பாக்கி பிடித்த கையைத் திருட்டுப் பொருளை மறைப்பவர் போல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இடது கையை நீட்டி, எங்கள் வீட்டு நடையில் லைட் சுவிட்ச் இருக்கும் உயரத்தில், அந்தத் துணிச்சுவரைத் தடவினார். தொட்ட இடமெல்லாம் உள்வாங்கியது. அவர் என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல் தடவிக்கொண்டே இருந்தார்.