சத்தம் நீக்கிய ரயில்

தண்டவாளத்தையே நாள் முழுக்கக் காட்டினால் எவன் உட்கார்ந்து பார்ப்பான் என்றுதான் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவிக்காரர்கள் காட்டினார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். எஞ்சின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமராவைக் கட்டிவைத்து, ரயில் கிளம்பியதிலிருந்து போய்ச் சேரும்வரை அப்படியே ஓடவிட்டிருந்தார்கள். கதை இல்லை, பாட்டு இல்லை, விளம்பரம்கூட இல்லை. மரம் வரும், போகும். பாலம் வரும், போகும். தண்டவாளத்தோரம் நின்ற ஒரு மாடு தலையைத் திருப்பிப் பார்த்ததற்கு மறுநாள் பேப்பரில் படம் போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ரயிலை ஓட்டியவரின் மனைவியும் பார்த்தாள். அதற்குள் அவர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. படம் பிடித்து முடித்த பிறகு, ஒருநாள் வேலைக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

படத்தில் அவர் முகம் கிடையாது. குரல்தான் உண்டு. எஞ்சினில் ஒரு வழக்கம். தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் டிரைவர் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் உதவி டிரைவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இருவர் கண்ணும் ஒன்றையேதான் பார்த்தது என்பதற்கு அது சாட்சி. பதில் வராவிட்டால், வரும்வரை டிரைவர் விடக் கூடாது. "பச்சை" என்று அவருடைய கட்டைக் குரல் வரும். "பச்சை" என்று ஓர் இளம் குரல் பின்னாலேயே வரும். அப்புறம் மறுபடியும் மரம், பாலம், வெட்டவெளி.

ஜனங்கள் மயங்கியது அந்தக் குரலில்தான். ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தவர்கள் படுத்தபடியே பதில் சொன்னார்களாம். ஒரு வீட்டில் குழந்தை, சிக்னல் வந்தால்தான் வாயைத் திறந்ததாம், அந்த நேரம் பார்த்துச் சோற்றை ஊட்டிவிட்டார்களாம். டிவிக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதையே திரும்பப் போட்டார்கள்.

அந்த வழக்கத்தை மனுஷர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்திருந்தார் என்பது பார்த்தவர்கள் யாருக்கும் தெரியாது. கிளம்பும் முன் அடுப்படியில் நின்று, "கேஸ் மூடியாச்சு" என்பார். பதில் வராது. "கேஸ் மூடியாச்சு" என்று மறுபடியும் சொல்வார். "காதுல விழுந்துச்சுங்க! நான் என்ன உங்க உதவி டிரைவரா?" என்று இவள் எரிந்து விழுவாள். "பதில் சொன்னியே, அது போதும்" என்று வாசலுக்குப் போய், "கொல்லைக் கதவு சாத்தியாச்சு" என்று அடுத்ததை ஆரம்பிப்பார். கல்யாணமான நாளாக இதே கூத்து. சொன்னதைத் திருப்பிச் சொல்ல மட்டும் அவள் ஒருநாளும் சம்மதித்ததில்லை.

அவர் போன பிறகு அவள் அழவில்லை. ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள். கல்நெஞ்சுக்காரி என்று காதுபடவே பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கே பயமாகத்தான் இருந்தது. தன்னிடம் ஏதோ ஒன்று மரத்துப்போய்விட்டது, இனி அது உறைக்கவே உறைக்காது என்று நினைத்தாள். அந்தப் பயம்கூட வேறு யாருடையதோ போலத் தள்ளி நின்றது.

முதல் ஒளிபரப்பன்று மாடி வீட்டு டீச்சர் கைக்குட்டையும் கையுமாக இறங்கி வந்தாள். முதல் "பச்சை"யிலேயே டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "அழுதுடுங்கக்கா, பாரம் குறையும்" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளே விசும்பினாள்.

"நீங்க அழுங்க டீச்சர். நான் தண்ணி கொண்டு வரேன்" என்று இவள் எழுந்து போனாள்.

டிவியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். "அவர் குரலைக் கேட்டப்போ உங்களுக்கு எப்படிம்மா இருந்துச்சு?"

"சத்தமா இருந்துச்சு."

மகள் ஓடிவந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். அப்பா போனதிலிருந்து லீவு போட்டுக்கொண்டு அவள்தான் கூடவே இருந்தாள். லீவு முடிந்துவிட்டது, திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாக வேண்டும். "உன்னை இப்படி விட்டுட்டு எப்படிம்மா போவேன்? ஒரு தடவை என்னைத் திட்டவாவது செய்யேன்" என்றாள். அம்மா அவள் பெட்டியில் துணியை மடித்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

இதற்கிடையில் இன்னொரு கூட்டம் கிளம்பியது. ரயிலைப் பார்த்தபடியே தூங்குகிற கூட்டம். "கண்ணு சொக்குற நேரத்துல ஒரு ஆள் கத்துறாரு" என்று புகார் மேல் புகார். டிவிக்காரர்கள் யார் கேட்டாலும் தலையாட்டுகிறவர்கள். குரல்களை வழித்தெடுத்துவிட்டு, மெல்லிய இசையை ஊற்றி, அந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாகப் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சர் மாடியிலிருந்தே சத்தம் போட்டாள். "அக்கா, அண்ணன் குரலைக் காணோம்! அநியாயம் பண்ணிட்டாங்க!"

இவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரையில் முதல் சிக்னல் வந்தது, போனது. இசை பாட்டுக்கு ஓடியது. நல்லதுதான், அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவதும் போனது. மாடு தலையைத் திருப்பிப் பார்த்தது.

பெரிய பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு. அங்கேதான் அவர் வழக்கமாகத் தொண்டையைச் செருமுவார். செருமலையும் எடுத்துவிட்டார்கள். வளைவுக்கு அப்பால் புள்ளியாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது கிட்ட வரவர அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். சொல்லுங்களேன் என்று நினைத்தாள். பக்கத்தில் வந்துவிட்டது, இன்னும் யாரும் சொல்லவில்லை. இத்தனை ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டுகிறார்களே என்று அவளுக்குப் பதறியது.

"மஞ்சள்" என்றாள்.

தன் குரல்தான் என்று தெரியவே ஒரு நொடி ஆனது. பதில் இல்லை. பதில் வராவிட்டால் விடக் கூடாது.

"மஞ்சள்."

அடுப்படியில் குழாய்ச் சத்தம்.

"மஞ்சள்!" என்று எழுந்து நின்று கத்தினாள்.

சோப்பு நுரை சொட்டும் கையோடு மகள் ஓடிவந்தாள். அம்மாவைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். டிரைவர் வீட்டுப் பெண், யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மஞ்சள்மா" என்றாள்.

"பதில் சொல்ல இவ்வளவு நேரமாடி உனக்கு?" என்று அம்மா அதட்டினாள். அதட்டின வாய் மூடவில்லை. அப்படியே நாற்காலியில் சரிந்து, இத்தனை நாளாக வராத அழுகையை அழுதாள். மாடியில் டீச்சர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

மகள் ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். டிவியை அணைக்கவில்லை. பாலம் முடிந்து அடுத்த சிக்னல் தெரிந்தது.

"பச்சை" என்றாள் மகள்.

அழுகைக்கு நடுவில், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அம்மா அதையே திருப்பிச் சொன்னாள்.