சன்னாசி சொன்னது சேலையா வேலையா

புக்கிட் பெலண்டோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மயிலம்மாளுக்கும், லாரி ஓட்டும் அவள் புருஷன் சன்னாசிக்கும் மூன்று வருஷமாக ஒரே வழக்கு.

தோட்ட ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த சமயம், கணக்கெழுதும் கிராணி முருகையா ஆசையாசையாக எல்லோரையும் கூப்பிட்டு மைக்கில் பேசவைத்தார். மீசையைத் தடவிக்கொண்டு சன்னாசியும் ஒரு வாக்கியம் பேசினான். "மயிலு, வர்ற வருசம் உனக்கு நல்ல சேலையா வாங்கித் தரேன்" என்பது மயிலம்மாள் கேட்டது. "நல்ல வேலையா வாங்கித் தரேன்" என்பது அவன் சொல்வது. "மண்டோர்கிட்ட பேசி ஆயாக் கொட்டகையில சேத்துவிட்டது யாரு? சொன்னதச் செஞ்சாச்சுலா!" என்று அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிடும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முருகையா மாற்றலாகிப் போகுமுன் அந்தப் பேச்சை டிஸ்கெட்டில் போட்டுக் கொடுத்தார். அதைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை புருஷனையும் இழுத்துக்கொண்டு, சிரம்பான் பட்டணத்தில் ஆதப்பனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள் மயிலம்மாள்.

ஆதப்பன் ஓட்டிக் காட்டினான். வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் வந்தது சன்னாசியின் குரல். "நல்ல ...ஏலையா வாங்கித் தரேன்." சுற்றிலும் ஒரே இரைச்சல்.

"கொஞ்சம் சுத்தம் பண்ணுங்க தம்பி," என்றாள் மயிலம்மாள்.

அவன் சத்தத்தைக் கூட்டினான். இரைச்சலும் சேர்ந்து கூடியது. இரைச்சலைக் குறைத்தான், சன்னாசியும் சேர்ந்து தேய்ந்தான்.

"இது அழுக்கு இல்லக்கா, துடைச்சு எடுக்க," என்றான் ஆதப்பன். "டிஸ்கெட்ல இடம் பத்தாதுன்னு அந்தக் கிராணி ரொம்பச் சின்னதாப் பதிஞ்சிருக்காரு. அப்படிப் பதிஞ்சா, 'ச'ன்னு சொல்றப்ப வருதே அந்த மெல்லிசான சீறல், அதெல்லாம் அப்பவே விட்டுப்போயிடும். அது இந்த டிஸ்கெட்டுக்குள்ள வரவே இல்ல. இல்லாததை நான் எங்கேர்ந்து எடுக்கறது?"

"புது கம்ப்யூட்டர்ல போட்டா?"

"புதுசுல போட்டாலும் இதேதான் கேட்கும். பெரிய ஃபைலா மாத்தலாம். இடம்தான் அடைக்கும்."

சன்னாசிக்கு வாயெல்லாம் பல். "நான்தான் அப்பவே சொன்னேன்லா!"

மயிலம்மாள் விடவில்லை. "போன 'ச'வை நீங்களே ஒண்ணு வச்சுக் குடுங்க தம்பி."

"வைக்கலாம்கா. ஆனா அது அண்ணன் சொன்னதா ஆகாது, நான் சொன்னதாத்தான் ஆகும்."

"பரவால்ல, வைங்க."

ஆதப்பன் சிரித்துக்கொண்டே மைக்கில் "சேலை" என்று சொல்லி, அதை வெட்டி நடுவில் ஒட்டினான். மறுபடி ஓட்டினான். வாளிக்குள்ளிருந்து "நல்ல" என்றான் சன்னாசி. கணீரென்று "சேலை" என்றது ஒரு பட்டணத்து இளம் குரல். மீண்டும் வாளிக்குள்ளிருந்து "வாங்கித் தரேன்".

சன்னாசியின் முகம் மாறிவிட்டது. "இது யாரு, நடுவுல வந்து என் பொண்டாட்டிக்குச் சேலை வாங்கிக் குடுக்கறது?"

"நான்தாண்ணே," என்றான் ஆதப்பன் பணிவாக.

"நீ என்னா வாங்கிக் குடுக்கறது? என் பொண்டாட்டிக்கு நான் வாங்கிக் குடுப்பேன் சேலை!"

கடையில் நின்றிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மயிலம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இப்ப ரொம்பத் தெளிவாக் கேட்டுச்சு தம்பி," என்றாள். "டிஸ்கெட்டை எடுத்துக் குடுங்க."

அடுத்த தெருவில் இருந்த ஜவுளிக்கடையில் அவள் மாம்பழ நிறத்தில் ஒன்றை எடுத்தாள். சன்னாசி பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்வரை முணுமுணுத்தபடியே வந்தான்.

"இருந்தாலும் நான் அன்னிக்கு வேலைன்னுதான் சொன்னேன், மயிலு."

"சரிங்க," என்றாள் அவள், சண்டைக்கே போகாமல்.

சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆதப்பன் அதையே ஓட்ட ஓட்ட, அவள் காதிலும் அது வேலை என்றுதான் விழத் தொடங்கியிருந்தது. அதை அவனிடம் எதற்குச் சொல்வது? ஜன்னலோரம் நகர்ந்து, அவன் மடியிலிருந்த பொட்டலத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.