தலைப்பக்கம் பிடித்தவர்

1

இந்தக் கதை ஒரு பழுதான லிஃப்டிலிருந்து பிறந்தது. மக்கள் ஏன் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். 'வர்க்கம், கல்வி, ஊடகம் ஆகியவை வாக்காளரின்...' (இதற்கு மேல் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.) அப்போது எதிர்வீட்டு அம்மா நினைவுக்கு வந்தார். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். மூன்றாம் மாடி. கணவர் இறந்த அன்று லிஃப்ட் ஓடவில்லை. உடலைப் படிவழியே இறக்கினார்கள். கால்பக்கம் மகன், தலைப்பக்கம் எங்கள் வார்டுக் கட்சிக்காரர் பீரங்கி. கட்சிக் கூட்டங்களில் தொண்டை கிழியக் கத்துவதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் கட்சி என்றாலே அம்மாவுக்கு அன்றுவரை வேப்பங்காய்.

படி திரும்புமிடத்தில் பீரங்கி மெல்லச் சொன்னாராம்: "பாத்துப்பா, அண்ணனுக்குத் தலை இடிச்சிடப்போகுது."

செத்தவருக்குத் தலை இடித்தால் என்ன? ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காக அம்மா அதன்பின் எல்லாத் தேர்தலிலும் பீரங்கியின் கட்சிக்கே போட்டார். தேர்தல் அறிக்கையைப் படித்ததே இல்லை. (நானும் படித்ததில்லை. நீங்கள்?)

3

சிக்கல் இதுதான்: இம்முறை வார்டு தேர்தலில் பீரங்கியை எதிர்த்து நிற்பது அந்த மகன்.

(மகனை லிஃப்ட் மெக்கானிக்காக எழுதிப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது, அடித்துவிட்டேன். அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான்.)

"நானும்தானேம்மா தூக்கினேன்?" என்றான்.

"நீ அழுதுகிட்டிருந்தே. அவர்தான் உங்கப்பா தலையைப் பாத்துக்கிட்டார்."

"ஊரே எனக்குப் போட்டு, நீ போடலைன்னா, நான் தோத்த மாதிரிதாம்மா."

எனக்கு இருவர் மேலும் இரக்கமாக இருந்தது.

4

தேர்தலன்று லிஃப்ட் மறுபடி பழுது. (எங்கள் லிஃப்டைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள்.) அம்மாவுக்கு இப்போது முழங்கால் மடங்காது. கூட்டிப்போக மகன் வந்தான். தன் நிச்சய ஓட்டைத் தேடி பீரங்கியும் வந்தார். வேறு வழியில்லாமல் அம்மாவை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கினார்கள். மகன் கால்பக்கம் பிடித்துப் பின்னோக்கி இறங்கினான்.

திருப்பத்தில் பீரங்கி கத்தினார்: "தம்பி, தலை!"

மகன் சட்டென்று குனிந்தான். சுவரில் துருத்திக்கொண்டிருந்த மீட்டர் பெட்டி அவன் முடியை உரசியது. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

5

முடிவு ஒன்று: மகனுக்குப் போடுகிறார். பெற்ற வயிறாயிற்றே.

முடிவு இரண்டு: பீரங்கிக்கே.

முடிவு மூன்று: யாருக்கும் போடாமல்... (வேண்டாம். அது என் கோழைத்தனம், அம்மாவுடையதல்ல.)

வாக்குச்சாவடி மறைப்புக்குப் பின்னால் எழுத்தாளனுக்கும் அனுமதி கிடையாது. திரும்பி வந்ததும், படியடியில் நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"யாருக்கும்மா?"

"யாருக்கு அண்ணி?"

"சொன்னா ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் என்னை மேல யார் தூக்கிட்டுப் போறது? பிடிங்கப்பா."

மகன் இம்முறை தலைப்பக்கம் போய் நின்றான்.

நான் கீழேயே நின்றுகொள்கிறேன். இனி மேலே கொண்டுபோக வேண்டியது நீங்கள். திருப்பத்தில் மட்டும் பார்த்து.