வெள்ளை அடித்த சாரப் பலகைகள்

மச்சினனின் வாயில் முதல் அடி விழுந்தபோது பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. தச்சன் அடித்தது கையால் அல்ல, முறிந்த சாரப் பலகையின் பாதியால். அது முறிந்துதான் காலையில் அவனுடைய தம்பி இரண்டாம் மாடி உயரத்திலிருந்து செங்கல் குவியலில் விழுந்தான். முதுகெலும்பு போய்விட்டது, இனி எழுந்து நடக்க மாட்டான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மச்சினனைக் கொன்றுவிடுவது என்ற முடிவோடுதான் தச்சன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தான்.

"செத்த கண்ணு இருக்கிற பலகையை ஒதுக்குன்னு எத்தனை தடவைடா தலையில அடிச்சுக்கிட்டேன்? பாரு, ஓட்டையைப் பாரு!"

பைன் மரத்தில் கிளை முளைத்த இடமெல்லாம் பழுப்பாகக் கண் இருக்கும். மரத்தோடு ஒட்டிய கண்ணால் பெரிய தொல்லையில்லை. சுற்றிலும் கறுப்பு வளையம் போட்டது செத்த கண், காய்ந்ததும் கழன்றுகொள்ளும். அந்தப் பலகை அலமாரியின் முதுகுக்குப் போதும், ஆள் ஏறி நிற்க ஆகாது. முறிந்த முனையில் மூன்று விரல் அகலத்துக்குக் கண் கழன்ற குழி இருந்தது. பிசின் வாடை குப்பென்று அடித்தது.

அடுத்த அடியில் மச்சினன் மரத்தூளில் சுருண்டு விழுந்தான். தச்சன் அவன் மார்பில் முழங்காலை ஊன்றிக் கழுத்தை நெரித்தான். இவன் பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன் என்பதெல்லாம் அப்போது மண்டையில் ஏறவில்லை.

"கண்ணு... தெரியல மாமா. வெள்ளை அடிச்சிருந்துச்சு."

பிடி சற்றுத் தளர்ந்தது. மச்சினன் ரத்தத்தைத் துப்பினான்.

"சாரம் அசிங்கமா இருக்கு, வீட்டுக்காரங்க மூஞ்சியைச் சுளிக்கிறாங்க, எல்லாப் பலகைக்கும் பெயிண்ட் அடின்னு சொன்னது யாரு? எல்லாத்துக்கும்னீங்க. கழிச்சு வெச்சதுக்கும் சேத்து அடிச்சுத் தொலைச்சேன். அப்புறம் எது எதுன்னு எனக்கே தெரியல."

தச்சன் எழுந்தான். சுவரோரம் மீதிப் பலகைகள் பளிச்சென்று வெள்ளையாகச் சாய்ந்திருந்தன. இருபது வருஷம் மரம் அறுத்தவனுக்கு அவற்றில் நல்லது எது, கெட்டது எது என்று சொல்லத் தெரியவில்லை.

ஒன்றை இழுத்து இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் போட்டு ஏறிக் குதித்தான். தாங்கியது. அடுத்ததும் தாங்கியது. மூன்றாவது நடுவில் படாரென்று பிளந்து அவனைக் கீழே தள்ளியது, கெண்டைக்காலில் மரச்சிலாம்பு ஆழமாக ஏறியது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து நின்றான். இந்தத் தடவை தன் முதுகும் போகட்டும் என்றே அவனுக்கு இருந்தது.

"அடுத்தது எடுடா."

மச்சினன் ஒரு கையால் சுவரைப் பிடித்து எழுந்தான். வாயைத் துடைத்த மறு கையாலேயே பலகையை இழுத்து வந்தான். அந்த வெள்ளையில் ஐந்து விரல்களும் சிவப்பாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தன.