கட்டாத கடைமுனை

நங்கூரக் கயிற்றின் கடைமுனை படகில் கட்டப்படவில்லை என்பதைக் காலை எட்டு மணிக்கே அருள்மணி பார்த்துவிட்டான். கௌஷிக் முந்தின நாள் வாங்கி வந்து வைத்த புதுக் கயிறு, வெள்ளை வெளேரென்று பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. ஒரு முனையில் நங்கூரம். மறுமுனையைப் பாய்மரத்தின் அடியில் இருக்கும் வளையத்தில் கட்டியிருக்க வேண்டும். அது பெட்டி மூலையில் சும்மா கிடந்தது. "சார், கடைமுனை" என்று நாக்கு நுனிவரை வந்ததை அருள்மணி விழுங்கிக்கொண்டான்.

மூன்று வருடத்துக்கு முன்பும் இதே தப்புதான். டெல்லியின் வடக்கு ஓரத்து ஏரியில் ஒரு பாய்ப்படகுச் சங்கம். நகரின் துவாரகா பகுதியில் குடியிருக்கும் கௌஷிக் அதில் உறுப்பினன்; அருள்மணி படகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள். அன்று கௌஷிக் போட்ட நங்கூரம் கயிற்றோடு தண்ணீருக்குள் போக, சங்கத்தின் படகு கரைக்கல்லில் மோதிப் பிளந்தது. அருள்மணிதான் கட்டினான் என்று கூசாமல் எழுதிக் கொடுத்தான் கௌஷிக். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வேலை போனதையாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம். சேதி போனிலேயே சொந்த ஊரான நாகப்பட்டினத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடலில் பிறந்தவனுக்கு நங்கூரம் கட்டத் தெரியவில்லையாம் என்று மச்சான் லட்சுமணன் ஊரைக் கூட்டிவைத்துச் சிரித்தான்.

மூன்று வருடம் கட்டடங்களில் செங்கல் சுமந்தபோதெல்லாம் அந்தச் சிரிப்பு அவன் காதில் கேட்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இவன் கோபம் ஆறவே இல்லை. வேறு ஆள் அமையாமல் இந்தச் சித்திரையில் சங்கம் மறுபடி கூப்பிட்டபோது, மறுபேச்சில்லாமல் வந்தான்.

கடைமுனையைப் பார்த்த பிறகு அவன் செய்தது ஒன்றே ஒன்று. பழைய சிறிய நங்கூரம் ஒன்றை இருக்கைக்கு அடியில் வைத்து, அதன் கயிற்றை மட்டும் தன் கையால் வளையத்தில் இறுக்கிக் கட்டினான். இரண்டு தரம் இழுத்தும் பார்த்தான்.

மதியத்துக்குப் பிறகு கௌஷிக் தன் மாமனார் வெங்கட்ராமனையும் உதவிக்கு அருள்மணியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். இந்த வருடம் சங்கத்துக்குத் தலைவரானவர் அவர். மூவரும் மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள். நாலு மணிக்கு மேற்கு வானம் செம்மண் நிறமாயிற்று. ஆந்தி என்னும் புழுதிப்புயல் வருகிறது என்று தெரிந்ததும் பாயை இறக்கினார்கள்.

"நான் போடட்டா சார்?" என்று பேச்சுக்குக் கேட்டான் அருள்மணி.

"நீ தள்ளு. போன தடவை நீ கட்டின லட்சணம்தான் தெரியுமே. இது நானே வெச்ச கயிறு மாமா."

தவளை தன் வாயால் கெடும். அருள்மணி தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

நங்கூரம் இறங்கியது. கயிறு தன்னால் நிற்கும் என்று கௌஷிக் கையை எடுத்தான். அது நிற்கவில்லை. கடைசி முழம் விளிம்பைத் தாண்டித் துள்ளி மறைந்தது. அதே நேரம் புழுதிக் காற்று வந்து அறைய, படகு கரைக்கல்லை நோக்கிப் பின்வாங்கியது.

"அருள்மணி, ஜல்தி! ஏதாவது பண்ணு!"

அருள்மணி சிறிய நங்கூரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஆழம் பத்தடி. படகு நிற்க அறுபது அடிக் கயிறாவது விட வேண்டும். கல் இருநூறு அடிக்கு அப்பால் இருந்தது. கௌஷிக் ஒரு உண்மையைச் சொல்ல அந்தத் தூரம் போதும் என்று அவன் கணக்குப் போட்டான்.

"அன்னைக்கி உடஞ்ச படகுல நங்கூரம் போட்டது யாரு சார்? பெரியவரு காதுல விழுவுற மாதிரி சொல்லுங்க."

"அதுக்கு இதுவா நேரம்?"

"இதுதான் சார்."

கௌஷிக் கல்லைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான். அந்த முகம் வெளுத்ததைப் பார்க்க அருள்மணிக்கு வயிறு குளிர்ந்தது.

"நான்தான். நான்தான் கடைமுனையைக் கட்டல. பொய் எழுதிட்டேன் மாமா."

அருள்மணி முன்பக்கம் போய் நங்கூரத்தை இறக்கினான். அறுபது அடி விட்டு, முன்பக்கத்து இரும்புக் கொம்பில் கயிற்றைச் சுற்றிப் பூட்டினான். படகு வெடுக்கென்று திரும்பி, காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது. கல் பின்னால் நாலு ஆள் நீளத் தூரத்தில் இருந்தது.

புழுதி அடங்கிக் கரைக்கு வந்ததும் வெங்கட்ராமன் கேட்டார். "அவன் கட்டலேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் வேலை நிலைக்கும். அருள்மணி அவர் கண்ணைப் பார்த்தான். "காலையிலயே பாத்தேன் சார்."

"பாத்துட்டும் வாயைத் திறக்கலியா?"

"திறக்கல."

அவர் மிதவைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு சொன்னார். "பழைய ரிப்போர்ட்டை இன்னிக்கே மாத்தி எழுதச் சொல்றேன். ஆனா நீ நாளையிலேர்ந்து வரவேண்டாம்."

"சரிங்க சார்."

பஸ் நிறுத்தத்தில் நின்று லட்சுமணனைக் கூப்பிட்டான். "மச்சான், வேல போயிட்டு."

"மறுபடி நங்கூரமா?" லட்சுமணன் அப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

"நங்கூரந்தான். நல்லா சிரி மச்சான். இந்தத் தடவ நான் செஞ்சதுக்குப் போச்சு."