உறை போடாத குழாய்

பிப்ரவரி மாதக் காலையில், ரஷ்யாவின் பேர்ம் நகரத்து இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில் நின்று ரிம்மா கத்திக்கொண்டிருந்தாள். குடியிருப்பவர்கள் கூடித் தேர்ந்தெடுத்த கட்டடப் பொறுப்பாளர் அவள். மேலே கூரை விளிம்பில் பனிக்கட்டிகள் ஆள் உயரத்துக்கு ஈட்டிகளாகத் தொங்கின. கீழே வாசலை மறித்து ஒரு சிவப்பு வெள்ளை நாடா. நாடா கட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்பது ஊர் வழக்கம். அதற்கடியில் குனிந்துதான் எல்லோரும் வேலைக்குப் போவார்கள். வேறு வாசல் ஏது?

"ஏம்பா ஃபர்ரூக், உன்ன வேலைக்கு வச்சது நாடா கட்டறதுக்கா?"

தாஜிகிஸ்தானிலிருந்து பிழைக்க வந்த அந்தத் துப்புரவுத் தொழிலாளி மண்வாரியை ஊன்றி நின்றான். "திங்கக்கிழமைதான் தட்டிவிட்டேன் அக்கா. புதன்கிழமை மறுபடி வளந்து நிக்குது. கோளாறு கூரைக்கு அடியில இருக்கிற பரண்ல. சுடுதண்ணிக் குழாய்க்கு உறையே போடல. அந்தச் சூட்டுல கூரைப் பனி உருகி வழியுது. விளிம்புக்கு வந்ததும் குளிர்ல உறைஞ்சு தொங்குது. ஒரு தடவ ஏறிப் பாருங்களேன்."

"எனக்கே பாடம் நடத்தறியா? போய்த் தட்டு."

ரிம்மா ஏறிப் பார்க்கத் தேவையே இல்லை. இலையுதிர்காலத்தில் பராமரிப்பு அலுவலகப் பொறியாளர் கென்னாதி, 'குழாய்களுக்கு உறை போட்டாயிற்று' என்ற தாளை நீட்டியபோது, பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவள் அவள்தான். உறை போட்டால் பரண் குளிர்ந்துவிடும். அப்புறம் துவைத்த போர்வைகளை எங்கே காயப்போடுவதாம்? ஈரப் போர்வைக்காக வாசலில் போகிறவர்கள் தலையை அடகு வைத்தாள் அந்தப் புண்ணியவதி.

ஃபர்ரூக் நீளக் கழியோடு நாடாவைத் தாண்டித் தனியாகப் போனான். இரண்டாவது முறை தட்டியதுமே ஒரு பெரிய கட்டி பெயர்ந்து அவன் தோளில் விழுந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கும்போது அவனுடைய வலது கை துணிபோலத் தொங்கியது.

மதியம் கென்னாதி வந்து சேர்ந்தார், கையில் இன்னொரு தாள்.

"ரிம்மா அர்க்காதியெவ்னா, சின்னக் கையெழுத்து. யாரும் சொல்லாம அவனாவே நாடாவத் தாண்டிப் போனான்னு எழுதியிருக்கேன்."

"அப்ப அவன் வேலை?"

"போகும். வைத்தியச் செலவும் கிடைக்காது. வெளிநாட்டுக்காரன்தானே, உங்களுக்கென்ன?"

"போய்த் தட்டுன்னு சொன்னது நான்."

"அத ஏன் வெளிய சொல்றீங்க? போன தாள்லயும் உங்க கையெழுத்து இருக்கு. மாட்டினா ரெண்டு பேரும்தான்."

ரிம்மாவுக்குப் பயம் வந்தது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக வந்தது, முதலில் தன்மேல், பிறகு அவர்மேல். தாளை வாங்கித் திருப்பிப்போட்டு, குழாய்க்கு உறை இல்லாததையும், தெரிந்தே தான் கையெழுத்திட்டதையும், அவனைத் தட்டச் சொன்னதையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"பைத்தியமா உங்களுக்கு?"

"செய்யாத வேலையச் செஞ்சதா எழுதறவரு நீங்க. தெரிஞ்சே ஒத்துக்கிட்டவ நான். நம்மளுக்குள்ள ஒரு வித்தியாசமும் இல்ல. அடிபட்டவன் மட்டும் வேற ஆளு. இனி கண்ணால பாக்காத எதுக்கும் இந்தக் கட்டடத்துல யாரும் கையெழுத்துப் போடக் கூடாது."

கோட்டை மாட்டிக்கொண்டு, அந்தத் தாளோடு, இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நடந்தாள்.